பழைய கிங் ஏர் வாங்கப் போகிறீர்களா? மேற்கு டெக்சாஸிலிருந்து ஒரு சி90பி விமர்சனம்

விமானம் எப்படி என்று மட்டும் கேட்பவர்களுக்கு உடனே பதில்: நல்ல விமானம், தாராளமாக வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே வருஷத்தில் கை சுட்டுவிடும். எந்த இடத்தில் சுடும், எவ்வளவு சுடும் என்று எழுதி வைக்கத்தான் இது.

வாங்கியது பீச்கிராஃப்ட் கம்பெனியின் கிங் ஏர் சி90பி. இரட்டை டர்போப்ராப், அதாவது இரண்டு டர்பைன் இன்ஜின்கள் ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிற சின்ன விமானம். 1990-களின் நடுவில் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தயாரானது. இரண்டு பிராட் அண்ட் விட்னி பிடி6ஏ-21 இன்ஜின், ஒவ்வொன்றும் 550 குதிரைசக்தி. விலை 12 லட்சம் டாலரை ஒட்டி. நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய பத்துக் கோடி ரூபாய். நானும் என் தொழில் பங்காளியும் சேர்ந்து வாங்கினோம்.

எங்கள் தொழில் குழாய் வெல்டிங் பரிசோதனை. நான் திருவெறும்பூரில் பாய்லர் குழாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வளர்ந்தவன். திருச்சி பெல் வட்டாரத்தில் வெல்டிங் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று கேலி பேசுவோம். இப்போது மேற்கு டெக்சாஸில் மிட்லண்டில் அலுவலகம். வேலை நடப்பதோ நியூ மெக்சிகோவில் ஃபார்மிங்டன், யூட்டாவில் வெர்னல், வடக்கு டகோட்டாவில் விலிஸ்டன் என்று எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற ஊர்களில். ஃபார்மிங்டனுக்குக் காரில் போனால் ஒரு பகல் முழுக்க ரோட்டிலேயே போய்விடும். விலிஸ்டனுக்கு ஏர்லைனில் போனால் டென்வரில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படிக்கலாம். அதற்கு முன் என்னிடம் பாரன் 58 இருந்தது. நல்ல பிஸ்டன் விமானம்தான். ஆனால் அதில் கேபின் அழுத்தம் கிடையாது; மலைக்கு மேல் போனால் மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொண்டு, கூட வந்த டெக்னீஷியன்களின் முகத்தைப் பார்க்கக் கூசும்.

சந்தையில் கிங் ஏரை விட மலிவாகவும் வேகமாகவும் போகிற பழைய இரட்டை டர்போப்ராப்கள் இருக்கின்றன. மிட்சுபிஷி எம்யூ-2 இன்றைக்கும் சீறிக்கொண்டு போகும். அதில் ஐலரானே, அதாவது இறக்கையின் பின் ஓரத்தில் ஆடுகிற மடிப்பே, கிடையாது. இறக்கை மேல் எழுகிற ஸ்பாய்லர் தகட்டை வைத்துத்தான் விமானத்தைச் சாய்க்க வேண்டும். விபத்துகள் கூடியதால் 2008-ல் அமெரிக்க விமானத்துறை, அதாவது எஃப்.ஏ.ஏ., அந்த ஒரு விமானத்துக்கென்றே தனிப் பயிற்சி விதி கொண்டுவந்தது. அதன் பிறகு அது நன்றாகத் தேறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். செஸ்னா கான்க்வெஸ்ட் 441, ட்வின் கமாண்டர் 690 இரண்டிலும் காரெட் டிபிஇ331 இன்ஜின். எரிபொருள் சிக்கனத்தில் பிடி6-ஐ அடித்துவிடும். ஆனால் அதில் ப்ரொப்பெல்லரும் டர்பைனும் கியர் வழியாக நேராகப் பூட்டியிருக்கும், அதனால் தரையில் சும்மா நிற்கும்போதே அலறும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கடம், தயாரிப்பு நின்றுபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. கிங் ஏர் முதலில் பறந்தது 1964-ல். 90 வரிசை 2021 வரை உற்பத்தியில் இருந்தது. அதன் அண்ணன்களான 260-ம் 360-ம் இன்னும் அதே விச்சிட்டாவிலிருந்துதான் வருகின்றன. 2014-ல் பீச்கிராஃப்டை டெக்ஸ்ட்ரான் எடுத்துக்கொண்டது. பாகம் கேட்டால் விலையைக் கேட்டு மூச்சு முட்டும், ஆனால் பாகம் கிடைக்கும். சின்ன ஊர் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டாலும் கிங் ஏரில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் அக்கம்பக்கத்தில் ஒருவராவது இருப்பார். எனக்கு இது முப்பது நாட் (மணிக்கு முப்பது கடல் மைல்) வேகத்தை விடப் பெரிது.

மனசு என்னவோ பி200-க்குத்தான் போனது. 850 குதிரைசக்தி இன்ஜின், மேலே டி மாதிரி வால், பார்க்கவே தனிக் களை. புறப்படும் எடை 12,500 பவுண்டு. அந்த எண் ஏதோ எதேச்சையாக வந்ததல்ல. அதற்கு மேலே போனால் பைலட்டுக்கு அந்த விமானத்துக்கென்றே தனி ரேட்டிங், அதாவது தனி அனுமதி, வேண்டும் என்பதால் சரியாகக் கோட்டின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதே காலத்து பி200 எங்கள் பட்ஜெட்டைத் தாண்டி நின்றது. நடுவில் இறங்காமல் நாங்கள் பறப்பதெல்லாம் நானூறிலிருந்து அறுநூறு கடல் மைல், மூன்று நாலு ஆள், கொஞ்சம் கருவி. வெல்டிங்கைப் படம் எடுக்கிற கதிரியக்க இரிடியம் பெட்டியை விமானத்தில் ஏற்றுவதில்லை, அது எப்போதும் லாரியில்தான் போகும். இதற்கு சி90பி போதும் என்று முடிவு செய்தோம். இன்றைக்கும் அதே கருத்துதான்.

சி90 என்ற பெயரில் 1971-லிருந்து வருகிறது, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். 1992-ல் வந்த பி என்ற எழுத்துக்கு நாலு இதழ் ப்ரொப்பெல்லரும் கேபின் சுவருக்குள் அதிர்வைக் குறைக்கிற அமைப்பும் உண்டு. பழைய மூன்று இதழ் விமானத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் காதிலேயே தெரியும். 2000-களின் நடுவில் வந்த சி90ஜிடி-யில் இன்ஜினே வேறு, நிஜமாகவே வேகமானது. விலையும் அதற்கேற்ற மாதிரி.

இனி வாங்கிய கதை. முதலில் பிடித்துப்போனது லூசியானா கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு விமானம். புதுப் பெயின்ட், உள்ளே கிரீம் நிற லெதர், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ‘ஹாட் செக்‌ஷன் புதிதாக முடிந்தது’. புரோக்கர் பெயர் வேண்டாம். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: இரண்டு இன்ஜினுக்குமா? ‘ஆமாம், எல்லாம் லாக்புக்கில் இருக்கிறது’ என்றார். லாக்புக்கில், அதாவது பராமரிப்புப் பதிவுப் புத்தகத்தில், இடது இன்ஜினுக்கு இருந்தது. வலது இன்ஜின் புத்தகத்தில் அதே தேதியில் எரிபொருள் நாசில் சுத்தம் செய்தது மட்டும் எழுதியிருந்தது.

ஹாட் செக்‌ஷன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பிடி6-க்கு முழு ஓவர்ஹால் 3,600 மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில், சுமார் 1,800 மணியில், எரிகிற பகுதியை மட்டும் பிரித்து டர்பைன் பிளேடு, வேன் ரிங் என்கிற தகட்டு வளையம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சும்மா பார்ப்பதற்கே பல பத்தாயிரம் டாலர் ஆகும். பார்த்ததில் ஏதாவது தேறாமல் போனால் செலவு அந்தத் தொகையோடு நிற்காது.

வாங்கும் முன் செய்கிற பரிசோதனையை, இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி ப்ரீ-பையை, அந்த விமானத்தை இதுவரை தொடாத பராமரிப்புக் கடையில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். விற்கிறவர் தன் வழக்கமான மெக்கானிக்கிடமே கொடுங்கள் என்றார். தன் பழைய வேலையில் தானே குறை கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்கும் முன்வர மாட்டான். அதனால் சம்மதிக்கவில்லை.

வலது இன்ஜினில் ஒரு எரிபொருள் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக போர்ஸ்கோப்பை விட்டார்கள். கம்பி முனையில் கேமரா, கையில் சின்னத் திரை. மெக்கானிக் ஒரு கையால் ப்ரொப்பெல்லரைத் தள்ளி நிறுத்திவிட்டு, இன்னொருவரை கம்ப்ரசர் பக்கத்திலிருந்து மெதுவாகச் சுற்றச் சொன்னார். பிடி6-ல் இரண்டும் தனித்தனித் தண்டு. ப்ரொப்பெல்லரைச் சுற்றினால் உள்ளே கம்ப்ரசர் டர்பைன் சுற்றாது. பிளேடு ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போனது. சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்க வேண்டிய முகம், நடுப்பாகத்தில் பொரிந்து, பச்சை படர்ந்த தோல் போல உப்பியிருந்தது. ‘சல்ஃபிடேஷன்’ என்றார். எனக்கு விளக்கத் தேவையில்லை. கடல் காற்றின் உப்பும் எரிபொருளின் கந்தகமும் சூடான உலோகத்தில் சேர்ந்து பூச்சைத் தின்றுவிட்டு அடியில் இறங்கியிருக்கிறது. கடலோரத்தில் நிற்கிற விமானத்துக்கு கம்ப்ரசரைத் தண்ணீர் விட்டு அடிக்கடி கழுவ வேண்டும். புத்தகத்தைப் புரட்டினால் கழுவியதற்கான கையெழுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

அதைக் கைகழுவினோம். எஸ்க்ரோவில், அதாவது நடுவில் நிற்கிற கம்பெனியிடம், போட்டிருந்த முன்பணம் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தில் ‘பரிசோதனை திருப்தியில்லாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி இருந்ததால் மட்டுமே வந்தது. பரிசோதனைச் செலவு எங்கள் தலையில். அந்தக் காசு போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பங்காளிக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

காகிதம். இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் படிப்பதில்லை. நம் ஊரில் மனை வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்டு, வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் இல்லையா, விமானத்துக்கும் அதேதான். எஃப்.ஏ.ஏ.-வின் பதிவகம் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. டைட்டில் தேடுகிற கம்பெனிகளும் எஸ்க்ரோ கம்பெனிகளும் அதைச் சுற்றியே கடை போட்டிருக்கின்றன. வங்கிக் கடன் அடைந்தும் அதை விடுவித்த காகிதம் தாக்கலாகாமல் கிடப்பது சகஜம். இது போக, விமானக் கடன் உரிமைகளுக்கான கேப் டவுன் உடன்படிக்கைப்படி அயர்லாந்தின் டப்ளினில் ஒரு சர்வதேசப் பதிவேடு இருக்கிறது. இன்ஜின் 550 குதிரைசக்தி தொட்டால் அதிலும் தேட வேண்டும். எங்கள் இன்ஜின் சரியாக 550. ஒன்று குறைந்திருந்தால் ஒரு கட்டணம் மிச்சம்.

எஃப்.ஏ.ஏ.-விடம் கேட்டால் அந்த விமானத்தின் முழுப் பதிவுக் கோப்பும் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கும். அதில் பெரிய பழுதுகளுக்கான 337 படிவங்கள் இருக்கும். விளம்பரத்தில் ‘சேத வரலாறு இல்லை’ என்று போட்டிருக்கும். 337-ஐப் பார்த்தால் எப்போதோ மூக்குச் சக்கரம் மடங்கி உட்கார்ந்ததும், இரண்டு ப்ரொப்பெல்லரும் மாற்றியதும் வெளிச்சத்துக்கு வரும். ப்ரொப்பெல்லர் தரையில் இடித்தால் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்களா என்று அடுத்த கேள்வி. இன்ஜினுக்குள் சுற்றுகிற டிஸ்க்குகளுக்கு ஆயுள் மணிக்கணக்கில் இல்லை, எத்தனை முறை கிளப்பிப் பறந்தது என்ற சுழற்சிக் கணக்கில். அந்தக் கணக்குப் பிறந்த நாளிலிருந்து அறுபடாமல் வர வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்துபோனால் உலோகம் நன்றாக இருந்தாலும் அந்தப் பாகத்துக்கு மதிப்பில்லை. வெல்டிங் எக்ஸ்ரே ஃபிலிம் தொலைந்தால் ஜாயிண்டை வெட்டி மறுபடி போடச் சொல்கிற உலகத்திலிருந்து வந்தவன் நான். எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. நான் அமெரிக்கக் குடிமகன், பங்காளிக்கு கிரீன் கார்டு. கிரீன் கார்டு இருப்பவர் தன் தனிப் பெயரில் விமானத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் கம்பெனி பெயரில், குடிமக்கள் கம்பெனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்றால், வாக்குரிமைப் பங்கில் முக்கால் பாகம் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும். தலைவரும், இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கும் குடிமக்களாக இருக்க வேண்டும். அதில் கிரீன் கார்டு சேராது. ‘அண்ணே, என் ஒத்தப் பேர்ல வாங்கலாமாம், நம்ம ரெண்டு பேர் கம்பெனி பேர்ல வாங்கக் கூடாதாமே, இது என்ன நியாயம்?’ என்றான் பங்காளி. கடைசியில் ஒரு டிரஸ்ட் வழியாகப் பதிவு செய்தோம். வருஷா வருஷம் அவர்களுக்கு ஒரு கட்டணம் அழ வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும் இந்த வழிதான்.

இன்னொரு குழி: ‘விமானத்துக்கென்று தனியாக ஒரு எல்.எல்.சி. கம்பெனி தொடங்கி, அதுவே பைலட்டையும் வைத்துக்கொண்டு உங்கள் ஆட்களை ஏற்றிச் செல்லட்டும்’ என்று எந்த ஆடிட்டராவது சொன்னால், அவருக்கு வரி தெரியும், விமானச் சட்டம் தெரியாது என்று அர்த்தம். பறப்பதைத் தவிர வேறு தொழில் இல்லாத கம்பெனி காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால் எஃப்.ஏ.ஏ. கண்ணில் அது வாடகை விமானம். அதற்கான சான்றிதழ் வேண்டும். விமான விவகாரம் மட்டுமே பார்க்கிற வக்கீலுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை.

இரண்டாவதாகப் பார்த்தது நெப்ராஸ்காவில், ஒரு குடும்பக் கம்பெனியின் விமானம். பெயின்ட் மங்கல். சீட் துணி பழைய காலத்து மெரூன். ஆனால் பிறந்ததிலிருந்து உலர்ந்த ஊரில், ஹாங்கருக்குள் தூங்கியது. ஒவ்வொரு பறப்பிலும் இன்ஜின் வெப்பம், டார்க் எனும் சுழற்று விசை, எரிபொருள் ஓட்டம் குறித்து வைத்த தாள்கள் வருஷ வாரியாகக் கோப்பில் இருந்தன. இன்ஜின் இரண்டும் 2,500 மணி தாண்டியவை, இரண்டுக்கும் ஹாட் செக்‌ஷன் முடிந்தவை, புத்தகத்தில் நிஜமாகவே முடிந்தவை. அந்தக் கோப்பைப் பார்த்ததுமே பாதி முடிவு செய்துவிட்டேன்.

ப்ரீ-பையில் நிறையவே வந்தது. இறக்கைக்குள் எரிபொருள் இருப்பது ரப்பர் பைகளில். அதில் ஒன்று கசிந்தது. வலது பக்க விண்ட்ஷீல்டில் கண்ணாடி அடுக்குகள் ஓரத்தில் பிரிய ஆரம்பித்திருந்தன. உள்ளே சூடேற்றும் கம்பியோடு வருகிற கண்ணாடி அது, ஒன்றின் விலையில் நல்ல கார் வாங்கலாம். பனி உடைக்கிற ரப்பர் பூட்டில் ஒட்டுப் போட்ட இடங்கள். பறக்கத் தகுதி சம்பந்தப்பட்டதெல்லாம் விற்கிறவர் செலவு, அழகு சம்பந்தப்பட்டதெல்லாம் எங்கள் செலவு என்று ஒப்பந்தம். கண்ணாடி எந்தக் கட்சி என்பதில் மட்டும் இரண்டு நாள் இழுபறி, பிறகு பாதிப் பாதி.

இறக்கை போல்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிங் ஏரில் ஒவ்வொரு இறக்கையையும் உடம்போடு பிடித்திருப்பவை நாலே நாலு போல்ட். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்க வேண்டும், பதினைந்து வருஷத்தில் புதிதாக மாற்ற வேண்டும். எங்கள் விமானத்துக்கு ஐந்து வருஷச் சோதனை அந்தச் சமயம்தான் வந்திருந்தது. நானும் நிற்கலாமா என்று கேட்டேன், கடைக்காரர் சிரித்துக்கொண்டே பாதுகாப்புக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தார். போல்ட் கட்டைவிரலை விடத் தடிமன், இன்கோனெல் உலோகம். காந்தம் ஒட்டாது என்பதால் திரவம் ஊடுருவும் சோதனை. ஒளிரும் திரவத்தில் ஊறவைத்து, மேலே இருப்பதைக் கழுவி, பொடி தூவி, விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் பிடித்தார். விரிசல் இருந்தால் அதற்குள் தங்கிய திரவம் மஞ்சள் பச்சையாக மின்னும். மரையின் அடிப்பள்ளத்தில் ஒரு கோடு மின்னியது. எனக்கு வயிறு கலங்கியது. அவர் துணியால் துடைத்து மறுபடி பொடி தூவினார், கோடு வரவில்லை. சரியாகக் கழுவாத மிச்சம். முப்பது வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான், துடைத்துவிட்டு மறுபடி பார். ஆனால் மற்றவன் குழாயில் பார்ப்பதும் நாம் ஏறப்போகிற இறக்கையில் பார்ப்பதும் ஒன்றில்லை.

பயிற்சியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி சி90பி-க்குத் தனி ரேட்டிங் வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனி சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாது: சிமுலேட்டர் பயிற்சி முடி, அப்புறம் அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இத்தனை மணி பற, பிறகு தனியாகப் போ என்றது. சிமுலேட்டரில் புறப்படும் நேரத்தில் ஒரு இன்ஜினை அணைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆட்டோஃபெதர் வேலை செய்தால் இதழ்கள் தானாகக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திரும்பிவிடும், விமானம் கையில் நிற்கும். அதை வேண்டுமென்றே கெடுத்துவிட்டால்தான் வேர்க்கும். பாரன் ஓட்டிய கை என்ற தெம்பு முதல் நாள் மதியத்துக்குள் இறங்கிவிட்டது.

ஓட்டுவதற்கு எப்படி? ஸ்டார்ட் செய்கிற அந்த அரை நிமிஷம்தான் ஒட்டுமொத்த விமானத்திலும் விலை உயர்ந்த அரை நிமிஷம். சுவிட்சைப் போட்டு, கம்ப்ரசர் 12 சதவீதம் சுற்றிய பிறகுதான் எரிபொருளைத் திறக்க வேண்டும். பேட்டரி சோர்ந்திருந்தால் சுற்று ஏறாது, நெருப்பு மட்டும் ஏறும். வெப்பமானி மேலே பாய்ந்துகொண்டிருக்கும்போது அணைக்கத் தயங்கினால் டர்பைனுக்குச் சங்குதான். அதனால் சந்தேகம் வந்தால் வெளி மின்சார வண்டியைக் கூப்பிட்டுவிடுவேன். கிளம்பிய பிறகு ஒரு வம்பும் இல்லை. லீவரைத் தள்ளினால் போகிறது, இழுத்தால் நிற்கிறது. இறங்கியதும் ரிவர்ஸ் போட்டால் சின்ன ஓடுபாதையிலும் பிரேக்கைத் தொடாமல் நிறுத்தலாம். காற்றில் கட்டுப்பாடுகள் கனம், லாரி ஸ்டீயரிங் பிடித்த உணர்வு. எனக்குப் பிடித்திருக்கிறது; பங்காளிக்குத் தூக்கம் வருகிறதாம்.

23,000 அடியில் போனால் உள்ளே எட்டாயிரம் அடி உயரத்துக் காற்று. அதற்கு மேலே போனால் பயணிகளுக்குத் தலை கனக்கிறது, அதனால் நான் போவதில்லை. வேகம் 240 நாட். ஜூலையில் அதுவும் வராது. இதுதான் விமானத்தின் பெரிய குறை. இந்த விலைக்கு ஒற்றை இன்ஜின் டர்போப்ராப்களில் இதைவிட வேகமாகப் போகிறவை உண்டு. ஃபார்மிங்டன் ஓடுபாதையே ஐயாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. கோடைப் பகலில் அங்கிருந்து முழு எடையோடு கிளம்பும்போது கணக்குப் போடாமல் கிளம்பக் கூடாது. பெரும்பாலும் விடிகாலையிலேயே கிளம்பிவிடுவேன்.

எடை இன்னொரு குறை. டேங்க் 384 கேலன். முழுக்க நிரப்பினால் மிஞ்சுவது அறுநூறு பவுண்டுக்குள். நம் மேற்கு டெக்சாஸ் டெக்னீஷியன்கள் சைஸுக்கு அது பைலட்டையும் சேர்த்து மூன்று பேர்கூட இல்லை. விளம்பரத்தில் எட்டு சீட் என்று எண்ணுவார்கள். அதில் ஒன்று கழிப்பறை மூடி. விலிஸ்டன் போகும்போது பாதி டேங்கோடு கிளம்பி வழியில் நெப்ராஸ்காவின் ஸ்காட்ஸ்பிளஃபில் நிரப்பிக்கொள்வதுதான் எல்லோருக்கும் நல்லது. தரையில் ஏசி போதவே போதாது. மிட்லண்டில் ஆகஸ்ட் மாதம் வெயிலில் நின்ற கேபினுக்குள் ஏறுபவர்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவேன்.

ஏறியபின் ஒருவரும் குறை சொன்னதில்லை. நேருக்கு நேர் நாலு சீட், நடுவில் மடக்கு மேஜை. ஃபிலிமைப் பரப்பிப் பார்த்துக்கொண்டே வரலாம். இரவில் மலை மேல் வரும்போது இரண்டு பக்கமும் இன்ஜின் இருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பார்கள்.

செலவு. மணிக்கு எண்பது கேலன் ஒட்டி எரிபொருள். ஓவர்ஹாலுக்கு எனக்கு வந்த விலைப்புள்ளி ஒரு இன்ஜினுக்கு மூன்று லட்சம் டாலர் பக்கம். அதை 3,600 மணியால் வகுத்தால் ஒவ்வொரு மணியும் இரண்டு இன்ஜினுக்குமாக நூற்றறுபது டாலருக்கு மேல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பராமரிப்பு நாலு கட்டம், இருநூறு மணிக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்குள் நாலும் முடிய வேண்டும். குறைவாகப் பறந்தாலும் காலண்டர் விடாது. லேண்டிங் கியர் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால். ப்ரொப்பெல்லருக்கும் வருஷக் கணக்கு உண்டு. ஹாங்கர், இன்சூரன்ஸ், வருஷாந்தர சிமுலேட்டர், டிரஸ்ட் கட்டணம். எல்லாம் சேர்த்து மணிக்கு 1,500 டாலருக்குக் கீழே ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் இன்ஜின் காசை எடுத்து வைக்கவில்லை. வருஷத்துக்கு நூறு மணிக்குக் குறைவாகப் பறப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், சார்ட்டர், அதாவது வாடகை விமானம், எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றைம்பதைத் தாண்டினால்தான் கணக்கு உதைக்காது.

விளம்பரங்களில் ‘ஆன் கண்டிஷன்’ என்று பார்ப்பீர்கள். சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவர்கள் 3,600 மணி தாண்டியும் இன்ஜினை ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது; ஒழுங்காகக் கண்காணித்தால் இன்ஜினும் ஓடும். அதற்காக அந்த விமானத்தை மற்றதன் விலைக்கு வாங்கிவிடாதீர்கள். விலையில் ஆறு லட்சத்தைக் கழித்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். புரோக்கர் முகம் மாறும், மாறட்டும்.

அந்தப் பேச்சு இப்போது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. இன்ஜின் மணி ஏறிக்கொண்டே போகிறது. பழைய பிடி6ஏ-21 இன்ஜினையே ஓவர்ஹால் செய்வதா, இல்லை டெக்சாஸிலேயே வேகோவில் இருக்கும் பிளாக்ஹாக் கம்பெனி மாட்டித் தருகிற புதிய பிடி6ஏ-135ஏ இன்ஜினுக்குப் போவதா என்று இருவருக்கும் தகராறு. புதியதில் உயரத்தில் சக்தி குறையாமல் நிற்கும், ஜூலையில் ஃபார்மிங்டனில் நிம்மதி, முப்பது நாட் வரை வேகம் கூடும். அந்தக் காசையும் சேர்த்து பி200-க்கே போயிருக்கலாமே என்று ஒரு கேள்வி வரும், அதற்கும் பதில் இல்லாமல் இல்லை: இந்த விமானத்தின் புத்தகம் எனக்கு வரிக்கு வரி தெரியும். இரண்டு விலைப்புள்ளியும் கையில் இருக்கின்றன. பங்காளி ஓவர்ஹால் கட்சி, நான் புதுசு கட்சி. நாலாவது கட்டப் பரிசோதனைக்கு விமானம் உள்ளே போகும்போது ஏதாவது ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும்.